பள்ளத்துப் பக்கம் விழுந்த கோல்கள்

மூன்று நாளாக நம் மைதான வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்டுக்கொள்கிற சண்டையைப் பார்த்தால், நமக்கெல்லாம் சர்க்கரையும் மூட்டு வலியும் இருப்பதாக யாரும் நம்பமாட்டார்கள். காலை நாலரைக்கே ஒருவர் ஆரம்பிக்கிறார். ராத்திரி மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கப் போகிறவர் கடைசியாக ஒரு குத்து குத்திவிட்டுத்தான் படுக்கிறார். கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான். நம் கல்லூரி கால்பந்து அணியில் எக்காலத்துக்கும் சிறந்த ஃபார்வர்டு யார்?

இத்தலாரிலிருந்து வந்த படுகர் அண்ணனுக்காக இரண்டு பேர் கொடி பிடிக்கிறீர்கள். அவர் ஓட ஆரம்பித்தால் பந்துதான் அவர் பின்னால் வரும் என்கிறீர்கள். குன்னூர் ரயில்வே குடியிருப்பிலிருந்து வந்தவரின் இடது காலுக்கு ஒரு கட்சி இருக்கிறது. ஆனால் கணிதத் துறை விரிவுரையாளரின் மகன் என்று யாராவது எழுதியதும் எல்லோரும் அடங்கிவிடுகிறீர்கள். "ஒரே பருவத்தில் பத்தொன்பது கோல். ஆண்டு மலரில் அச்சாகியிருக்கிறது. இதற்கு மேல் என்ன பேச்சு?" என்று வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர் எழுதினார். அந்த விரிவுரையாளர் மகனும் இந்தக் குழுவில்தான், கோயம்புத்தூரில் பேரனோடு இருக்கிறார். எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வரி போட்டார்.

நான் இதுவரை வாய் திறக்கவில்லை. பெண்பிள்ளைக்குப் பந்தைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் என்னைக் கேட்கவில்லை, நானும் அந்த மறைவில் சும்மா இருந்துவிட்டேன். ஆனால் அந்தப் பத்தொன்பது எங்கிருந்து வந்தது என்று உங்களில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த எண்ணை எழுதியவள் நான். அந்தக் கணக்கால் ஒருவருக்கு வேலை கிடைத்தது, இன்னொருவருக்குக் கிடைக்காமல் போயிற்று. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் அப்பா மைதானத்து மார்க்கர் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். புல் வெட்டுவது, கோல் வலை கட்டுவது, சுண்ணாம்பால் கோடு போடுவது எல்லாம் அவர் வேலை. அடியில் ஆணியால் ஓட்டை போட்ட தகர டப்பா ஒன்றில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, அதைத் தட்டிக்கொண்டே குனிந்து நடப்பார். கோடு நூல் பிடித்த மாதிரி விழும். மேட்டுப் பக்கத்துக் கோலுக்குப் பின்னால் பலகையால் அடித்த சாமான் கொட்டகை இருந்தது. அதற்கு அடுத்துத்தான் எங்கள் வீடு. கொட்டகைக்குள் ஈரத் தோலும் விளக்கெண்ணெயும் கலந்து ஒரு வாடை அடிக்கும். அந்தக் காலத்துப் பந்துக்கு வாய் உண்டு, உள்ளே பிளாடர் உண்டு, ஷூ கட்டுகிற மாதிரி நாடா கட்ட வேண்டும். மழையில் நனைந்துவிட்டால் என்னால் இரண்டு கையாலும் தூக்க முடியாது. அதைத் தலையால் முட்டியவர்களுக்கு நெற்றியில் நாடா பதிந்திருக்கும்.

நம் மைதானம் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். இப்போது மண் கொட்டிச் சமமாக்கிவிட்டார்கள். அன்றைக்கு மேட்டுக் கோல் கம்பத்தின் காலடியில் நின்றால் எதிர்க் கோல் கம்பத்தின் தலை நம் முழங்கால் உயரத்தில் தெரிகிற மாதிரி இருக்கும். வெளியூர் அணிகள் வந்ததும் ஆசைப்பட்டு முதல் பாதியில் பள்ளத்தைப் பார்த்து ஓடக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். நம் ஆட்கள் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சரி என்பார்கள். இரண்டாம் பாதியில் அவர்கள் நுரை தள்ளிக்கொண்டு மேடு ஏறுவார்கள், நம்மவர்கள் இறங்கி ஓடிக் கோல் போடுவார்கள்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. ஆட்டமெல்லாம் ஆடி, ஆவணி மாதங்களில் சனிக்கிழமை மத்தியானம் நடக்கும். நாலு மணியானால் பள்ளத்துப் பக்கத்துக் கற்பூர மரங்களுக்குப் பின்னாலிருந்து மேகம் ஏறி வரும். முதலில் மூடுவது கீழ்க் கோலைத்தான். அதற்காக நம் மலையில் யாரும் ஆட்டத்தை நிறுத்தியதில்லை. நிறுத்தினால் அந்தப் பருவம் முழுக்க ஓர் ஆட்டம்கூட முடியாது. நடுவர் பந்தோடு ஓடுவார், விசில் கேட்கும், கீழே நிற்கிற பத்துப் பேர் கத்துவார்கள், கோல் என்று தெரிந்துகொள்வோம். யார் போட்டது என்பது மேலே இருக்கிற எங்களுக்குத் தெரியாது. கல்லூரிப் புத்தகத்தில் எந்த அணிக்கு எத்தனை என்று மட்டும் எழுதுவார்கள்.

யார் போட்டது என்று நான் எழுதினேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. டப்பாவின் அடியில் மிஞ்சிய சுண்ணாம்பைத் தண்ணீரில் குழைத்து, கொட்டகையின் உட்பக்கத்துப் பலகையில் விரலால் கோடு இழுப்பேன். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு வரிசை. யாரும் சொல்லிச் செய்யவில்லை, அது என் விளையாட்டு. அப்பா பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கோடு போடற அம்மணி" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பருவத்தில் பெரும்பாலும் இரண்டு பேர்தான் கோல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விரிவுரையாளர் மகன். மற்றவர் நீங்கள் யாரும் மூன்று நாளாகப் பெயரெடுக்காத தேவர்சோலை அண்ணன். சிலோன் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவர். அவருடைய அம்மா தேவர்சோலைப் பக்கம் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார், இவர் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தார். ஒல்லியாக, காது நீட்டிக்கொண்டு இருப்பார். அதிகம் பேசமாட்டார்.

விரிவுரையாளர் மகன் என்னைக் கண்டால், "டீச்சரம்மா, இன்னைக்கு எனக்கு எத்தன மார்க்கு?" என்பார். அவர் ஸ்வெட்டரில் பவுடர் வாசனை வரும். காகிதத்தில் சுற்றி வர்க்கி கொண்டுவந்து கொடுப்பார். எனக்கு அவர்மேல் உயிர். தேவர்சோலை அண்ணன்மேல் எனக்கு வஞ்சம். காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு கோழி இருந்தது. சனிக்கிழமை முட்டை என்னுடையது. ஆனால் ஆட்டம் இருக்கிற சனிக்கிழமைகளில் விடுதியில் சோறு தீர்ந்துபோய், அவர் வெறும் தண்ணீர் குடித்துவிட்டு ஷூ போடுவதை அம்மா ஒரு நாள் பார்த்துவிட்டார். அதிலிருந்து முட்டை அவருக்குப் போயிற்று.

"அது என்ற முட்டை," என்று அழுதேன்.

"உனக்கு நான் இருக்கறேன், உங்கப்பன் இருக்கறாரு. அவனுக்கு இங்க ஆருடி இருக்கறா?" என்றார் அம்மா. "வெறும் வவுத்தோட மேடு ஏறி ஓடுவானா?"

அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றபடியே அதை இரண்டு வாயில் விழுங்குவார். உப்புகூடத் தொட்டுக்கொள்ளமாட்டார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து முறைத்துக்கொண்டு நிற்பேன்.

முதல் பாதியில் மேட்டுக் கோலில் விழுந்ததெல்லாம் என் கண் முன்னால் விழுந்தது. அதில் நான் பொய் எழுதவில்லை. மேடு ஏறி வந்து கோல் போட்டவர் பெரும்பாலும் தேவர்சோலை அண்ணன்தான், பல்லைக் கடித்துக்கொண்டு அவர் வரிசையில் கோடு போட்டேன். வெயில் இருந்த நாட்களில் பள்ளத்துப் பக்கம் நடந்ததும் தெரியும், அதையும் சரியாகவே எழுதினேன். மேகம் இறங்கிய பிறகு கீழே விழுந்த கோல்களை என்ன செய்தேன் என்றால், அவ்வளவையும் விரிவுரையாளர் மகன் வரிசையில் ஏற்றினேன். ஆட்டம் முடிந்து எல்லோரும் சேற்றோடு மேலே வருவார்கள். யார் போட்டது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேறு பெயர் வந்துவிடுமோ என்று பயம், அதனால் கேட்கவில்லை. வேறு யாரும் அந்தச் சுவரை வந்து எண்ணிப் பார்க்கப் போவதில்லை என்று நினைத்தேன்.

பருவம் முடிந்த சமயத்தில் கோயம்புத்தூரில் ஒரு மில்லிலிருந்து நம் பி.டி. சாருக்குக் கடிதம் வந்தது. அவர்கள் அணிக்கு ஒரு ஃபார்வர்டு வேண்டும், ஒரே ஓர் ஆள், மில்லில் நிரந்தர வேலை. இது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரிந்த கதைதான். தெரியாதது இனிமேல்தான் வருகிறது.

பி.டி. சார் நேர்மையான மனிதர். அதுதான் வினையாயிற்று. சக வாத்தியார் மகனுக்கே சிபாரிசு செய்யப் போகிறார் என்று விடுதியில் பேச்சு கிளம்பியது, அது அவர் காதுக்கும் போயிற்று. யார் பக்கமும் சாயாமல் கோல் கணக்கை வைத்து மட்டும் முடிவு செய்வது என்று அவர் தீர்மானித்தார். கணக்கு எங்கே இருக்கிறது என்று தேடியபோது அப்பாதான், "என்ற புள்ள ஏதோ கோடு போட்டு வெச்சிருக்குதுங்க சார்" என்று சொல்லியிருக்கிறார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடம் போகக் கிளம்பி நிற்கிறேன், சார் குடையோடு கொட்டகைக்குள் வந்தார். பலகைக்கு முன்னால் நின்று விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பத்தொன்பது, பதினாலு. பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"இது சரியா இருக்குமா?"

அப்பா என் தலையில் கை வைத்தார். "என்ற புள்ள போட்ட கணக்கு தப்பாதுங்க சார்."

நீங்கள் எங்கள் அப்பாவைப் பார்த்திருக்கிறீர்கள். பெரிய மனிதர்கள் முன்னால் அவர் துண்டை இடுப்பிலிருந்து தோளுக்கு ஏற்றியதில்லை. பேச்சும் ஆமாங்க, சரிங்க என்பதற்கு மேல் போகாது. அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்தி என்னைப் பற்றிப் பேசினார். சார் குனிந்து என்னைப் பார்த்து, "அப்படியா பாப்பா, நீ எல்லாத்தையும் பாத்துத்தான் எழுதினியா?" என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. படித்த மனிதர், எத்தனையோ ஆட்டம் பார்த்தவர். ஒன்பது வயசுக் குழந்தைக்கு மேகத்துக்குள் எப்படிக் கண் தெரியும் என்று அவருக்குத் தோன்றவில்லை. யாருக்கும் பாரபட்சம் காட்டாத ஒன்று கிடைத்துவிட்டது என்கிற நிம்மதியில் அவர் வேறெதுவும் கேட்கவில்லை போல. அவரைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. தலையாட்டியது நான்தான். அப்பாவின் கை என் தலைமேல் இருந்தது, அதை எடுத்துவிடுவார் என்றுதான் பயந்தேன்.

விரிவுரையாளர் மகன் மில்லுக்குப் போனார். அங்கிருந்து மேலே மேலே போனார், அது உங்களுக்கே தெரியும். பத்தொன்பது என்பது சாரின் நோட்டிலிருந்து ஆண்டு மலருக்குப் போய் அச்சாகிவிட்டது. தேவர்சோலை அண்ணன் அந்த மாதமே படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போனார். வேலை கிடைத்தால் அம்மாவையும் தங்கைகளையும் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து கூட்டிவந்துவிடலாம் என்று எங்கள் அம்மாவிடம் சொல்லியிருந்தாராம். அவர் போனதை அம்மாதான் சொன்னார், சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த சனிக்கிழமை முட்டை எனக்கு வந்தது. தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

உறுத்தல் அப்போது வரவில்லை. பல வருஷம் கழித்து என் மகளுக்கு நர்ஸ் படிப்பில் ஒரே ஒரு மார்க்கில் இடம் போனது. பேப்பரைத் திருத்தியவர் கூட்டலில் தவறு செய்திருப்பார் என்று அவள் ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாள். அவளைச் சமாதானம் செய்துகொண்டிருந்தபோதுதான் பலகைச் சுவர் நினைவுக்கு வந்தது. அப்பாவிடம் சொல்லலாம் என்று பல தடவை போனேன். "பி.டி. சாரே என்ற புள்ள கணக்கத்தான் நம்புனாரு" என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி வரைக்கும் சொல்ல எனக்கு மனது வரவில்லை, அவர் அந்தப் பெருமையோடே போய்ச் சேர்ந்தார்.

நீங்கள் இந்தச் சண்டையை ஆரம்பித்த மறுநாள் காலை நான் ஊட்டியிலிருந்து கூடலூர் பஸ் ஏறினேன். நம் குழுவில் இருக்கிற கூடலூர்க்காரர்தான் தேவர்சோலை அண்ணன் வீட்டுக்கு வழி விசாரித்துச் சொன்னார், ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தேவர்சோலையில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஓடு போட்ட சின்ன வீடு, பின்னால் கொஞ்சம் தேயிலை. வாசலில் தார்ப்பாய் விரித்து மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. காது மட்டும் அப்படியே இருந்தது.

யார் என்று சொன்னதும் எழுந்துவிட்டார். "மார்க்கர் அண்ணன் மகளா? அந்த முட்ட குடுத்த அம்மாவோட மகளா? வாங்க, வாங்க." உள்ளே பார்த்து, "ஒரு கட்டன் போடும்மா" என்று மருமகளிடம் சொன்னார். "உங்கம்மா குடுத்த அந்த ஒரு முட்ட இல்லாட்டி நான் ரெண்டாவது பாதி ஓடியிருக்க மாட்டேன். அவங்க நல்லா இருக்காங்களா?"

போய்விட்டார்கள் என்றேன். கட்டன் டீ வந்தது. ஆறுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சுவர், மேகம், முட்டை, அப்பாவின் கை, ஒன்றையும் விடவில்லை. அவர் உள்ளங்கையால் மிளகைக் கலைத்துக்கொண்டே கேட்டார். முடித்த பிறகும் கலைத்துக்கொண்டே இருந்தார்.

"சார் என்னயக் கூப்பிட்டு, 'தம்பி, உன்னவிட அவனுக்குக் கோல் கூட. கணக்குப் பாத்துத்தான் எழுதுறேன், மனசுல வெச்சுக்காத'ன்னு சொன்னாரு. எத்தனன்னு நான் கேக்கல. கணக்குன்னா கணக்குதானேன்னு பையத் தூக்கிட்டு வந்துட்டேன்."

"உங்களுக்குக் கோபம் வரலையா அண்ணா?"

"என்னவிட நல்லா ஆடுன ஒருத்தனுக்குப் போச்சு. அதுல கோவப்பட என்னா இருக்கு? இத்தன வருசமும் அப்படித்தான் நெனச்சேன். புள்ளைங்களுக்கும் அதத்தான் சொல்லி வளத்தேன், என்னவிட நல்ல ஆட்டக்காரன் ஒருத்தன் இருந்தான்னு." கையைத் துடைத்துக்கொண்டார். "அது ஒரு நிம்மதியா இருந்துச்சும்மா. இப்ப அதுவும் இல்லாம போச்சு."

மன்னிப்புக் கேட்டால் என் பாரம் குறையும் என்று போனேன். அதை இறக்கி அவர் தலையில் வைத்துவிட்டு வருகிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது. கிளம்பும்போது வாய் சும்மா இருக்காமல், "நீங்க எத்தன போட்டீங்க?" என்று கேட்டேன்.

"பதினாறு." யோசிக்கவே இல்லை. "மேட்டுல பத்து, பள்ளத்துல ஆறு. அந்த ஆறுல ரெண்டு மேகத்துக்குள்ள."

நான் அவருக்குப் போட்டது பதினாலு. அந்த இரண்டும் நான் எடுத்தவை.

"அப்ப அவரு எத்தன போட்டிருப்பாரு அண்ணா?"

"அது அவனுக்குத்தான் தெரியும். போட்டவனுக்குத் தெரியாத கோலுன்னு ஒண்ணு கிடையாதும்மா."

இதைக் குழுவில் எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதுங்கள், ஆனால் யாரையும் ஜெயிக்க வைக்க வேண்டாம், கணக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றார். பஸ்ஸில் நடுவட்டம் வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரி மலை ஏறுவதால் வாந்தி வருகிறதென்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

இனி உங்களுக்கெல்லாம் சொல்ல ஒன்றுமில்லை. மிச்சத்தை விரிவுரையாளர் மகனிடம் சொல்ல வேண்டும். அண்ணா, நீங்களும் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். சுவரில் இரண்டு பேருக்கும் சேர்த்து முப்பத்து மூன்று கோடு இருந்தது. தேவர்சோலை அண்ணனுடையது பதினாறு என்றால் மிச்சம் பதினேழு. மேகத்துக்குள் வேறு ஆட்டக்காரர்கள் போட்டதையும் நான் உங்கள் வரிசையில்தான் ஏற்றியிருப்பேன். அவை எத்தனை என்று எனக்குத் தெரியாது. உங்களுடையது பதினேழாக இருக்கலாம். அப்படியென்றால் வேலை உங்களுக்குப் போனது நியாயம்தான், அவருடைய நிம்மதி அவருக்குத் திரும்பக் கிடைத்துவிடும். பதினைந்தாகவும் இருக்கலாம்.

ஆண்டு மலரில் பத்தொன்பது என்று பார்த்தபோது நீங்கள் ஏன் பேசவில்லை என்று கேட்க எனக்குத் தகுதியில்லை. நானும் தலையாட்டியவள்தான். நேற்று தேவர்சோலை அண்ணன் எனக்குப் போன் செய்தார். ஊட்டியில் மழை எப்படி என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகும் போனை வைக்காமல் கொஞ்ச நேரம் இருந்தார். அவர் எதற்காகக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும், என்னிடம் அது இல்லை. உங்களிடம்தான் இருக்கிறது அண்ணா. நீங்கள் போட்ட கோல் எத்தனையானாலும் அதை எழுதுங்கள், நானே தேவர்சோலைக்குக் கொண்டுபோய்ச் சொல்கிறேன்.